நடுப்பிள்ளை

காலையில் பல் துலக்கியதும் செம்பாலை மக்கள் செய்யும் முதல் வேலை, கல்லுளிமங்கியின் சாளரத்தில் வரிசை கட்டி நிற்பது. குடியேற்றத்தின் அறிவுப்பெட்டகத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. பூமியின் மொத்த அறிவும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. கேட்டால் மட்டும் சொல்லாது. நாமே கண்டுபிடித்துப் போய்ச் சொன்னால், "சரி" என்று ஒரே சொல் உதிர்த்து, அதற்குரிய கிடங்கு அறையைத் திறந்துவிடும். பிசகிப் போனால் அந்தத் துறையோடு வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை.

வீம்புக்காக வந்த சட்டமல்ல. செவ்வாய்க் கோளில் முதலில் குடியேறியவர்கள் எதற்கெடுத்தாலும் இயந்திரத்தைக் கேட்டே வாழ்ந்தார்கள். அது பழுதானபோது காற்றைச் சுத்தம் செய்யக்கூடத் தெரியாமல் மாண்டுபோனார்கள். அடுத்து வந்தவர்கள் அறிவைப் பூட்டிவைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடவிட்டார்கள். தனிமங்களைக்கூட ஒவ்வொன்றாகப் புதிதாகக் கண்டுபிடித்துத்தான் அட்டவணையில் சேர்க்கவேண்டியிருந்தது.

அன்று பூங்கோதை வரிசையில் நிற்கவில்லை. தனிமத் துறை மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் சேந்தன் ஓட்டிப்போன ஆய்வு வண்டியை முந்தின நாள் புழுதிப்புயல் விழுங்கிவிட்டது. வண்டியில் மூச்சுக்காற்று அன்று மாலை வரைக்கும்தான். புழுதியைத் துளைத்து உடல்சூட்டைப் பார்க்கும் வெப்பக்கண் ஒன்று கோபுரத்தில் இருந்தது. அதன் வில்லை உடைந்து கிடந்தது. மாற்று வில்லை கிடங்கில் இருக்கிறது. அந்த அறை திறக்க, வில்லை ஆன தனிமத்துக்கு அட்டவணையில் எது இடம், அணு எடை எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும்.

உடைந்த சில்லு அவள் உள்ளங்கையில் மினுங்கியது. பார்வைக்கு உலோகம்; தட்டினால் மணலியம் போல நொறுங்கியது. மணலிலிருந்து எடுத்ததால் மணலியம் என்று அவர்களே பெயரிட்ட தனிமம் அது. சில்லின் அடர்த்தியோ மணலியத்துக்கும் ஈயத்துக்கும் இடையில் நின்றது.

"ஒரே குடும்பம்தான், சந்தேகமே இல்ல. மணலியம் மூத்தது, ஈயம் கடைசி, இது நடுப்பிள்ளை" என்றாள். "மூத்ததோட எடையையும் கடைசியோட எடையையும் கூட்டிப் பாதியாக்கினா நடுப்பிள்ளையோட எடை கிட்டத்தட்ட வந்துடும். மத்த குடும்பங்கள்ல பார்த்திருக்கோம்ல?"

"அப்போ நூத்திப் பதினேழரை" என்றான் எதிரே இருந்த ஜெர்வின்.

"எழுபத்து மூணரை!"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். பழைய சண்டை அது. மணலியத்தின் எடை இருபத்தெட்டு என்பதில் தகராறில்லை. ஈயத்தின் எடை நூற்றுப் பத்தொன்பது என்று பூங்கோதையின் குழுவும், இருநூற்று ஏழு என்று ஜெர்வின் குழுவும் பல வருடமாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. விருந்துகளில்கூட இரு தரப்பும் சேர்ந்து உட்காருவதில்லை.

"எங்க எடைக்குக் கல்லுளிமங்கி 'சரி'ன்னு சொல்லியிருக்கு" என்றான் ஜெர்வின்.

"எங்களுக்கும்தான் சொல்லிச்சு! நீங்கதான் நம்பல."

"நீங்க மட்டும் நம்புனீங்களாக்கும்?"

சொல்லிவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். கல்லுளிமங்கி பேசாமல் இருக்குமே தவிர, பொய் சொல்லாது.

"ஜெர்வின், உங்க ஈயத்தை எங்கேருந்து எடுத்தீங்க?"

"பழைய மின்கலத் தகட்டுலேருந்து. நீங்க?"

"சமையல்கூடத்து ரசச்சொம்புலேருந்து."

ஜெர்வின் கண்கள் விரிந்தன. "அந்தத் தகட்டைத் தொட்டா, கை கழுவாம சோறு திங்கக் கூடாதுன்னு விதி. விஷம்! அதே ஈயத்துலயா தினம் ரசம் கொதிக்குது?"

"ரெண்டும் ஒண்ணில்ல! பேர் மட்டும்தான் ஒண்ணு! உங்களது கருப்பு ஈயம், எங்களது வெள்ளை ஈயம்!"

"ஐயோ, நாசமாப் போச்சு!" என்று ஜெர்வின் துள்ளி எழுந்தான். "நான் கணக்குப் போட்ட நூத்திப் பதினேழரை வேற ஒண்ணுமில்ல, உங்க ஈயமேதான்! மணலியத்துக்கும் கருப்பு ஈயத்துக்கும் நடுவுல உங்க வெள்ளை ஈயம். மணலியத்துக்கும் வெள்ளை ஈயத்துக்கும் நடுவுல..."

"...ஒரு கட்டம் காலி!"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன பூங்கோதைக்கு. சாளரத்துக்கு ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே வழிவிட்டார்கள். விடை தப்பானால் சேந்தன் இல்லை. 

"மணலியத்துக்குக் கீழே, வெள்ளை ஈயத்துக்கு மேலே. எடை எழுபத்து மூன்றரைக்கு அருகில்."

கல்லுளிமங்கி யோசிப்பது போல இருந்தது. அப்படி யோசிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது.

"சரி."

கிடங்குக் கதவு திறந்தது. ஜெர்வின் வில்லையைத் தூக்கிக்கொண்டு கோபுரத்துக்குப் பறந்தான். சாளரத் திரையில் பூமியின் பழைய பக்கம் ஒன்று விரிந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு ரஷ்ய ஆசிரியர் வரைந்த அட்டவணை. மணலியத்துக்குக் கீழே உள்ள இடத்தைக் காலியாக விட்டு, எடை எழுபத்திரண்டு இருக்கலாம் என்று ஊகித்திருந்தார். அன்றைக்கு அந்தத் தனிமத்தை உலகில் ஒருவரும் கண்டதில்லை. பூங்கோதைக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கல்லுளிமங்கி மீது ஆத்திரமும் வந்தது; இந்தச் சிலிர்ப்பை இன்னொருவர் சொல்லிப் பெற முடியாது என்பதும் தெரிந்தது.

வெப்பக்கண் திரையில் புழுதி காணாமல் போனது. பள்ளம் ஒன்றில் ஒரு வெதுவெதுப்பான புள்ளி அசைந்தது. மீட்பு வண்டி கிளம்பியது.

மாலைக்குள் வானொலியில் சேந்தன் குரல் இருமிக்கொண்டே வந்தது. "எனக்கே என் கை தெரியல. நீங்கல்லாம் எப்படிய்யா என்னைப் பார்த்தீங்க?"

மூன்று அண்ணன் தம்பிகளில் இரண்டாமவன் அவன். நடுவில் பிறந்தவனை எந்த வீட்டில் எவன் பார்த்தான் என்று புலம்பாத நாளில்லை.

"ஒரு புதுத் தனிமம் வழியாப் பார்த்தோம்" என்றாள் பூங்கோதை. "கண்டுபிடிச்சவங்கதான் பேர் வைக்கணும். நான் நடுப்பிள்ளைன்னு வச்சுட்டேன். இனிமே வீட்டுல அந்தப் புலம்பல் கூடாது, சொல்லிட்டேன்."



"சரி" என்றான் சேந்தன்.