மூன்று கப்பல்களில் ஒரு கடிதம்

சான்ட்ரிங்ஹாம் சாலையில் பேருந்து சடாரென்று நின்றது. நிருஜாவின் மடியிலிருந்த தாள்கள் ஈரத் தரையில் சிதறின... ஒன்றின்மேல் கனத்த பூட்ஸ் கால்!

"ஐயோ, மிதிச்சுப் போட்டியள்!"

பூட்ஸ்காரன் பதறிப்போய்த் தாளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான். மழைத்துளி தொங்கிய அந்த இமைகளுக்குள் அவ்வளவு பயம்... அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாமி எழுத்தோன்னு நினைச்சேங்க."

"வியாபாரக் கடிதத்தின்ர நகல், என்ர ஆராய்ச்சிக்கு. கெய்ரோ யூதர்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தி எழுதினது. கடவுளின்ர பேர் இருக்கலாம் எண்டு, எழுதின எந்தத் தாளையும் எறியமாட்டினம். தங்கட ஆலயத்து அறையில சேர்த்து வைச்சவை."

"அப்போ நான் கண்ணுல ஒத்திக்கிட்டது சரிதானே?"

"அதுக்கு முதல் மிதிச்சது?"

அவன் கோகுல். திருச்சிக்காரன். பென்ரோஸ் பகுதிக் கிடங்கொன்றில் கன்டெய்னர்களுக்கான ஆவணங்களைத் தயாரிப்பவன். மறுநாளிலிருந்து எட்டு மணிப் பேருந்தில் நிருஜா பக்கத்து இருக்கையில் அவன் ஏறும்வரை தன் பையை வைத்தாள்... தற்செயலாக வைத்ததுபோல.

"மலபாருக்கு வந்த யூத வியாபாரி, ஒரே கடிதத்தை ரெண்டு மூண்டு பிரதி எழுதி வேற வேற கப்பல்ல வீட்டில இருக்கிற மனுசிக்கு அனுப்புவான். ஒண்டு மூழ்கினாலும் மற்றது போய்ச் சேருமெல்லோ?"

"அப்பவே பேக்கப்பா! எங்க மேனேஜருக்கு இதைச் சொல்லணும், டாக்டர் மேடம்."

ஆகஸ்டில் அந்த மின்னஞ்சல் வந்தது. கடல் கடந்து மொன்றியலில், மத்தியகால, நவீன யூதவியல் ஆய்வுக்கான போஸ்ட்டாக் பெல்லோஷிப், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. இரண்டு வருடம். அவள் ஏங்கிக் காத்திருந்த இடம்தான். முதலில் அவனிடம்தான் சொன்னாள். 'காத்திருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா...

அவன் ஜன்னலைப் பார்த்தான். "சூப்பர்ங்க. கண்டிப்பா போங்க."

அதன்பிறகு அந்தப் பேருந்தில் அவனைக் காணவில்லை. நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்? அவளும் கூப்பிடவில்லை. பை மட்டும் பக்கத்து இருக்கையில் இருந்தது. கப்பலுக்காகக் கடல் பார்த்திருந்த அந்த வியாபாரியின் மனைவியை இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது...

நாளை விமானம். மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது கடைக்காரி சீதா அக்கா ஓர் உறையை நீட்டினாள்.

"பிள்ளை, அந்தத் திருச்சிப் பெடியன் தந்தவன். முகத்தைப் பார்க்கேலாது, பாவம்."

'உங்க கனவுக்குத் தடையா இருக்கக் கூடாதுன்னு ஒதுங்கினேன். முடியல, நிருஜா. எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருப்பேன்.' கீழே: மூன்றில் முதல் பிரதி.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அங்கும் ஓர் உறை. அதே வரிகள். மூன்றில் இரண்டாவது.

மாலை, சான்ட்ரிங்ஹாமில் இறங்கினாள். கொட்டும் மழையில், பேருந்துத் தரிப்பிடத்தில், தெப்பமாக நனைந்து கோகுல்...

"மூண்டாவது எங்க?"

சட்டைப் பையிலிருந்து கூழான ஒரு தாளை எடுத்துக் காட்டினான். "கப்பல் மூழ்கிடுச்சுங்க."

"பரவாயில்லை. மற்ற ரெண்டும் சேர்ந்திட்டுது."

"அப்போ... பதில்?"

"என்னட்டை ஒரே ஒரு பிரதிதான் இருக்கு." மழைச் சத்தத்தில் தவறிவிடாதபடி அவன் காதருகே சாய்ந்தாள். "எனக்கும் உங்களைத்தான் விருப்பம், கோகுல். வந்திடுவன்... காத்திருங்கோ."

அவன் மெல்லக் கண்களை மூடிக்கொண்டான், எதையோ ஒற்றிக்கொண்டதுபோல.