மத்பசாவின் உள்ளளவு

பலகையைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து பேரீச்சம்பாகின் வாடை வந்தது. அந்த அறையில் பழம் அடுக்கி நாற்பது வருஷம் ஆகிறது என்று ஹஸ்னைனே போன வாரம் படிவத்தில் எழுதியிருந்தான்.

ஷார்ஜாவில், தைத் பக்கம் ஒரு பழைய தோட்டம். அதன் கொட்டில்களும் கொட்டகைகளும் சீக்கிரமே வீடுகளாகப் போகின்றன. ஆடு நின்ற இடத்தில் மாஸ்டர் பெட்ரூம், ஆட்டுக்குக் கிடைக்காத அட்டாச்டு பாத்ரூமோடு. மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, வரைந்து வைப்பது ஹஸ்னைனின் டூட்டி. கடைசியாக மிஞ்சியது இந்த மத்பசா. பேரீச்சை மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் பாரத்திலேயே கசியும் பாகைத் தரையிலுள்ள வாய்க்கால்கள் வழியாக மூலைக் குழியில் இறக்கும் மண் அறை.

போன வாரம் அதை அவன் அளக்கவே இல்லை. வாசலில் நின்றபடி, கண்ணளவில் அகலம் 4.20 மீட்டர் என்று போட்டுவிட்டான். உள்ளே கோணிமேல் ஒருவர் படுத்திருந்தார்.

"தம்பி, தமிழா? மொகத்தப் பாத்தாலே தெரியுதுப்பா. நான் பாண்டித்துரை, முதுகுளத்தூர் பக்கம். மூணு நாளா காச்சல். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்ரு, போதும்."

கார் புதுசு. விசா கொடுத்த கபீலிடமிருந்து ஓடிவந்த ஆளாக இருந்தால் வம்பு வேறு. ஹஸ்னைன் ழகரத்தைக்கூட வேண்டுமென்றே கெடுத்து, "தமில் நஹி மாலூம், பாய்" என்றான். படிவத்தில் 'உள்ளே ஆள் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தான். கையெழுத்து அழகாக வந்தது.

அந்த டிக்கை நம்பித்தான் மறுநாள் வாசலைப் பலகை வைத்து அடைத்தார்கள்.

வரைபடத்துக்குக் கண்ணளவு போதாது என்று ஹஸ்னைன் இப்போது திரும்ப அளக்க வந்திருந்தான். அடைத்த ஃபோர்மேன் கலீல் ரஹ்மான்தான் இப்போது கடப்பாரையோடு நின்றார்.

"பாய், அடைக்கறதுக்கு முன்னாடி உள்ள பாத்தீங்களா?"

"எதுக்கு? ஆள் மாஃபி, யாருமில்லன்னு நீதானய்யா எழுதிக் குடுத்தே. ஏன், உன் மச்சான் எவனும் உள்ள இருக்கானா?" சிரித்தார். "யல்லா, அளந்துட்டு வா. வண்டில ஏசி போட்டு உக்காந்திருக்கேன்."

ஹஸ்னைனும் சிரித்து வைத்தான்.

உள்ளே யாரும் இல்லை. கோணி மட்டும் கிடந்தது. அவனுக்கு முதலில் வந்த நிம்மதி, அவர் பிழைத்தார் என்பதல்ல. பிணம் இல்லை, நாம் தப்பித்தோம் என்பது. அது தனக்கே தெரிந்தபோது, ஆகஸ்ட் நடுப்பகல் வெக்கையையும் மீறிக் காது மடல்கள் சுட்டன.

ஆனால் பலகையின் ஆணி ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை. அறைக்கு வேறு வழியும் கிடையாது.

வாசலிலிருந்து நாலடி உள்ளே போய், ஓரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, லேசர் மீட்டரை எதிர்ச்சுவருக்கு நேரே பிடித்தான். 3.58. கண்ணளவு அவ்வளவு தப்புமா? தொடர்ந்து அளக்கும்படி வைத்தான். 3.58. 3.10.

வாய்க்கால்களில் ஏதோ பளபளத்தது. பாகு. கறுப்பாக, அவசரமே இல்லாமல், எதன் பாரத்தில் என்று தெரியாமல் ஊறி வந்து அவன் ஷூவைச் சூழ்ந்தது. காலைத் தூக்கினான். வரவில்லை.

2.26.

சிவப்புப் புள்ளி சுவரில் இல்லை. அந்தரத்தில் இருந்தது. நெஞ்சு உயரத்தில்.

"கலீல் பாய்!"

வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

1.40.

0.62.

அங்கே நின்றது. பிறகு 0.64. 0.62. 0.64. 0.62. காய்ச்சல்காரனின் மூச்சு ஏறி இறங்கும் வேகத்தில்.

"அண்ணே." மீட்டர் இல்லாத கையை முன்னால் நீட்டினான். "நான் தமிழ்தாண்ணே. அன்னைக்கு நீங்க சொன்னது அவ்வளவும் புரிஞ்சுது. பயந்துட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

0.62.

0.62.

0.62.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

பிறகு, புள்ளிக்கு இரண்டு சாண் மேலே, வெறும் காற்றில், ஒட்டியிருந்த ஏதோ மெல்லப் பிரிந்தது. ஒரு வாய். அதிலிருந்து பாகு கம்பி கம்பியாக இறங்கி, ஹஸ்னைனின் நீட்டிய கையில் விழுந்தது.

காய்ச்சல் சூட்டில்.