தூங்கினால் விழும் புரோகிராம்

அழும்போது ஓடுகிறது, விளையாடும்போது ஓடுகிறது, குழந்தை கண்ணயர்ந்தால் மட்டும் புரோகிராம் பட்டென்று நின்றுவிடுகிறது. கைக்குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுத் திணறினால் தாயை எழுப்ப வேண்டிய புரோகிராம் அது. அதை எழுதியவர்களில் ஒருத்தியான அவள், வீட்டில் தன் மகளின் தொட்டிலிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம். வெளியே விடாத மழை. காயாத துணியின் வாடையும் குழந்தைப் பவுடர் மணமும் மூடிய அறைக்குள் தேங்கி நிற்க, ஜன்னல் திரை காற்றே இல்லாமல் லேசாக அசைந்துகொண்டிருக்க, எந்தப் பகுதி காலை வாருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். கேமராப் பகுதியை அணைத்தாள், புரோகிராம் விழுந்தது. அலாரப் பகுதியை அணைத்தாள், அப்போதும் விழுந்தது. மைக்கில் கேட்கும் மூச்சை எண்ணும் பகுதியை அணைத்ததும்தான் சமர்த்தாக ஓடியது.

அந்தப் பகுதியை எழுதியவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. போனில் அழைத்துச் சொன்னாள். அக்கா பிழைக் குறிப்பை வாங்கிப் பார்த்தார்.

"விழுறது என் பகுதிதான்டி. தொட்டில்ல ஒரு மூச்சுதான் இருக்கும்னு நெனச்சு எழுதினேன். ரெண்டு கேட்டா அதுக்குத் தாங்காது."

"என் மூச்சா இருக்கும்க்கா."

"அந்த மைக் தொட்டிலத் தாண்டிக் கேக்காது. பாப்பா கூட யாராவது படுத்திருக்காங்களா?"

யாருமில்லை என்றாள்.

இரண்டு மூச்சுக்கு இடம் வைத்து, அக்கா அந்தப் பகுதியை மாற்றி அனுப்பினார். இம்முறை விழவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள். மேலே மகளுடையது, குட்டிக் குட்டியாகத் துள்ளியது. கீழே இன்னொன்று. நீளமாக. நிதானமாக. வளர்ந்த ஒருவர் விடுவதுபோல.

அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கோடு நிற்கவில்லை.

ஓடிப்போய்க் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். மேல் கோடு தட்டையாகப் படுத்தது. கீழ்க் கோடு ஓடியது. வேகமாக. இன்னும் வேகமாக.

"என்னடி ஆச்சு?" என்றார் அக்கா.

அவள் தொட்டிலுக்குள் பார்த்தாள். காலியான மெத்தையில் ஒரு தலை அழுந்திய பள்ளம். அவள் பார்க்கப் பார்க்க, அது எழும்பிச் சமமானது.

கீழ்க் கோடும் படுத்துவிட்டது.

தோளில் குழந்தை விழித்துக்கொண்டது. அழவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தது. இரண்டு கைகளையும் நீட்டியது.

அவள் இறுக்கி அணைத்தாள்.

தோளில் கனம் குறைந்தது. மெல்ல. யாரோ பதமாகக் குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல.