தாளத்தைப் பிடித்தவன்

"ஏன் சார் இப்படிக் கத்தறீங்க? மழைக்கு ஒதுங்கினது சரி… உள்ள டெஸ்ட் நடக்குதுல்ல?"

"நானா கத்தறேன்?"

காதுப் பரிசோதனை நிலைய வாசலில் போனும் கையுமாக நின்றவன் திரும்பினான். முடியெல்லாம் சொட்டச் சொட்ட நீர்… அதற்கு நடுவே கோபமே இல்லாத இரண்டு கண்கள். திட்ட வந்தவளுக்குப் பாதித் திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆனால் காது பார்ப்பது அவள் தொழில். இவ்வளவு உரக்கப் பேசுகிறவனை எப்படிச் சும்மா விடுவாள்?

"என்ன வேலை பண்றீங்க?"

"ட்ரம்ஸ். புரோகிரசிவ் மெட்டல் பேண்ட்."

"ஓ… பாத்திரக்கடையில பூகம்பம்!"

சிரித்துவிட்டான். "ஏழு தட்டுல போகும், சட்டுனு அஞ்சுக்குத் தாவும். இடியா இடிச்சிட்டு, நடுவுல ஒத்தை கிட்டார் மட்டும் அழும்… கேக்கறது கொஞ்சம் பேருதான். ஆனா உயிரையே விடுவாங்க."

படிப்பைப் பாதியில் விட்டு, வீட்டைப் பகைத்துக்கொண்டு, ஒரு பழைய ஷெட்டில் தொடங்கிய வாசிப்பாம். அடுத்த வாரம் பேண்டோடு முதன்முறையாக வெளிநாட்டுப் பயணமாம்.

மழை விடுகிற வழியாக இல்லை. "சும்மாதானே நிக்கறீங்க, வாங்க" என்று கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினான்… காற்றைப்போல மெல்லிய ஒலிக்குக்கூட, ஒன்றும் தவறாமல்.

இவ்வளவு கத்துகிறவனுக்கு இப்படிக் கேட்குமா? அதுதான் அவளுக்கு இடித்தது. ஒலியே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

அழுத்தினான்.

பழக்க தோஷத்தில் ஒரே இடைவெளியில் ஒலி அனுப்பியது அவள் தப்பு. தாளத்திலேயே வளர்ந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான். இடைவெளியைக் கலைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இடது காது பாதிக்கு மேல் போயிருந்தது. வலது காதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கே காது குத்தறீங்களா?" அவன் ஹெட்போனைக் கழற்றினாள். "இந்த டூர் போனா மிச்சமும் போயிடும்."

"தெரியும்." அவன் முகம் இறுகியது. "ட்ரம்ஸ் இல்லாம நான் யாருங்க? உங்க பரிதாபம் வேண்டாம்."

கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அவன் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டாள். தட்டுகளை எண்ணப் பார்த்துத் தோற்றாள். ஒற்றை கிட்டார் அழுத இடத்தில் அவளும் அழுதாள். முன்பின் தெரியாதவனுக்காக இது என்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள். மனசு கேட்டால்தானே!

ஒரு மாலை அவனே வந்து நின்றான்.

"பசங்க கிளம்பிட்டாங்க. என் இடத்துல வேற ஒருத்தன். அவனுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன்…" கண் கலங்கியது.

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்ல. மிச்சமிருக்கற காதுல எதைக் கேக்கணும்னு யோசிச்சேன். ஏதாவது பாட்டு ஞாபகம் வரும்னு பாத்தா… உங்க திட்டுதான் வந்துச்சு." தலைகுனிந்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு. பாவம் பாத்து சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பாவமா? மண்ணாங்கட்டி! காது மொத்தமாப் போனாலும் உங்களைத் திட்டத்தான் போறேன். வாயசைவைப் பாத்துப் புரிஞ்சுக்கப் பழகுங்க."

"எப்பலேருந்து?"

"இப்பலேருந்தே…"

அவன் நிமிர்ந்தான். அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே, சத்தம் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்தாள்.

எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனுக்குப் புரிந்துவிட்டது.