கணக்கில் வராத இருபது லிட்டர்

குகைக்குள் போன அருளப்பன் மூன்று மணி நேரமாகியும் மறுபக்கம் வரவில்லை!

மலை ஓடை குகைவாயில் நுழைந்து, அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. நடுவிலிருக்கும் பாதையை யாரும் கண்டதில்லை. அதைக் காணத்தான் சிவில் இன்ஜினியரிங் மாணவர்கள் மூவர் கல்வராயன் மலை ஏறியிருந்தார்கள்.

"வா, தேடலாம்!" நஸ்ரின் கயிற்றைத் தோளில் மாட்டினாள். "ஒரே வழிதான். உள்ள போற தண்ணியும் வெளிய வர்ற தண்ணியும் சரியா இருக்குன்னு நீதானே அளந்த?"

தமயந்தி அளவுகள் எழுதிய நோட்டைப் பிரித்தாள். குகைவாயில் நொடிக்கு அறுபது லிட்டர். ஊற்றில் நாற்பதுதான் இருந்தது. ஆய்வகத்தில் கணக்கு ஒத்துவராதபோது ரீடிங்கைத் திருத்துவதுபோல, ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டாள். அதை நம்பித்தான் அருளப்பன் தனியாக இறங்கினான்.

"நாப்பதுதான்டி வந்துச்சு. நான் மாத்திட்டேன்."

நஸ்ரின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்போ மிச்சம் இருபது எங்கடி?"

"தண்ணி மாயமாகாது. நடுவுல எங்கயோ பிரியுது."

இறங்கினார்கள். இடுப்பளவு நீர் இழுத்தது. "அருளு! டேய் அருளு!" எதிரொலிதான் வந்தது. ஒரு திருப்பம் தாண்டியதும் தமயந்தி நின்றாள். ஓடையின் அகலம் அதேதான், வேகமும் அதேதான். ஆழம் மட்டும் தொடைக்கு இறங்கியிருந்தது.

"பிரியுற இடத்தைத் தாண்டிட்டோம்! திரும்பு!"

திருப்பத்தில், பாறைக்கடியில் ஒரு பிளவு நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நஸ்ரின் கயிற்றைப் பிடிக்க, தமயந்தி பிளவு வழியாகச் சறுக்கி விழுந்தாள். கீழே பெரிய குளம்! அதன் கரையில் கால் முறிந்து கிடந்தான் அருளப்பன்.

"சோறு கொண்டாந்தியா தமா?" பற்கள் கிடுகிடுத்தன.

அவனை மேலே இழுப்பதற்குள் இருவர் உள்ளங்கைகளும் கிழிந்துபோயின.

மலைக்குள் குளம்! பத்து நாள் கழித்து அடிவார ஊர் மேளம் கொட்டி அழைத்தது. ஊராட்சித் தலைவர் தமயந்திக்கு மாலை போட்டார். கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்த அருளப்பன்தான் பலமாகக் கைதட்டினான். அவனுக்கு எதுவும் தெரியாது. நஸ்ரின் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் அவள் இல்லையே.

தமயந்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குகையில் இறங்கியது இதைவிட எளிதாக இருந்தது.

கைதட்டல் நின்றது. அவன் தன் காலைப் பார்த்தான்.

"ஏன் தமா மாத்துன?"

"ஒத்துவரலைன்னா மார்க்கு போயிடும்னு... பழகிடுச்சு."

"அந்தக் காட்டுல யாரு மார்க்கு போடுறாங்க?"

தமயந்தி பையிலிருந்து நோட்டை எடுத்து, ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள்.