கழித்து வைத்த சத்தம்

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது இசைத்தட்டு அல்ல. கதவுகள். சரியாகச் சொன்னால், கதவுகள் இல்லாதது. வாசல் கதவு ஒன்றுதான் மிச்சம். உள்ளே எல்லா அறைக்கும் வெறும் நிலை, கீல் பிடுங்கிய ஓட்டைகள். குளியலறைக்குக்கூட ஒரு பூப்போட்ட திரைதான்.

"கரையான்மா," என்றார் அந்த வீட்டுக்காரரான பழைய கிட்டார்காரர்.

நிலைச்சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நாக்கு ருசி பார்த்துக் கதவை மட்டும் தின்கிற கரையான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்வது என் வேலை. வேலை என்று சொன்னால் அக்கா சிரிப்பாள், பைத்தியம் என்பாள். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் நான்கு பேர் சேர்ந்து போட்ட ஒரே ஒரு பாப்-ராக் சிங்கிள், ஒற்றைப் பாட்டுத் தட்டு, இவரிடம் இருந்தது; இரண்டு நிமிடம் நாற்பத்தேழு விநாடி. அதைத் தேடி நான் நாயாக அலைந்திருக்கிறேன். நால்வரில் இன்று இருப்பது இவர் மட்டும்.

"அடுத்த வாரம் ஹார்ட் ஆபரேஷன்," என்றார். "மயக்க ஊசி போட்டா எழுந்திருப்பேனோ என்னவோ. அதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சத்தம் இல்லாம இந்தப் பாட்டைக் கேட்டுடணும்மா."

"எந்தச் சத்தம் அங்கிள்? பழைய தட்டுன்னா கொஞ்சம் பொரபொரன்னுதான் இருக்கும்."

"கேட்டா உனக்கே தெரியும்," என்று தட்டை என்னிடம் நீட்டினார்.

அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. பல வருடத் தூக்கம் பாக்கி உள்ள முகம்.

எங்கள் வீட்டில் அக்கா நர்ஸ். இரவு டியூட்டி, பகலில் தூக்கம். என் அறைக்கு வெளியே ஹாலில்தான் படுப்பாள். "சத்தம் வந்துச்சு, உன் தட்டு எல்லாத்தையும் ஜன்னல் வழியா பறக்க விட்டுடுவேன்" என்பது அவளுடைய நிரந்தர எச்சரிக்கை. அதனால் எனக்கு எப்போதும் ஹெட்போன்தான்.

தட்டைக் கழுவி, ஊசி வைத்து, பதிவு செய்தேன். தூசியால் வரும் பொரபொரப்பு அரைநாளில் போய்விட்டது. மிஞ்சியது வேறு. தாழ்ந்த, கனமான சத்தம்.

டொக். டொக். சற்று விட்டு, டொக்.

எண்ணினேன். பதினேழு. கடைசி ஒன்று இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடியில், டிரம்ஸ் நிற்கிற இடத்தில், தனியாக.

சேகரிப்பாளர் ஒருவரிடம் அதே சிங்கிளின் இன்னொரு பிரதி இருந்தது. வாங்கி வந்து ஒப்பிட்டேன். ஒரு தட்டில் விழுந்த கீறல் இன்னொரு தட்டில் அதே இடத்தில் விழாது. இதிலோ பதினேழும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் இருந்தன.

அப்படியென்றால் அது தட்டின் கோளாறு இல்லை. பாட்டைப் பதிவு செய்த நாளிலேயே உள்ளே வந்த சத்தம். அந்த நாளுக்குச் சொந்தமான எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

ஆனால் அந்தக் கண்ணின் கருமை ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகக் கையாலேயே வெட்டி எடுத்தேன். வெட்டியதை நான் அழிப்பதில்லை. தவறிப்போய்ப் பாட்டும் கூட வந்துவிட்டால் திரும்ப ஒட்ட வேண்டுமே. 'கழித்தவை' என்று தனி ஃபைலில் வைத்தேன். சுத்தமான பாட்டை அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. ஹெட்போனோடு வேறு வேலையில் இருந்தேன். கதவு படாரென்று திறந்தது.

அக்கா. தலை கலைந்து, கண் சிவந்து.

"உள்ளேர்ந்து எதுக்குடி தட்டுற? தாழ்ப்பாள்கூட போடல. திறந்துட்டு வர வேண்டியதுதானே?"

"நானா? நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லக்கா."

"அப்ப யாரு, உன் கிட்டார் ஹீரோவா?"

அவள் சிரிக்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள். "என்ன வாடை இது? வருஷக்கணக்கா பூட்டி வச்ச ரூம் மாதிரி."

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மூன்று நாள் இப்படியே போனது. அவள் வெளியே படுத்தால் உள்ளிருந்து தட்டும். உள்ளே வந்து பார்த்தால் நான் மட்டும். தூக்கமில்லாமல் டியூட்டிக்குப் போய் ஒரு நோயாளிக்கு ஊசியை மாற்றிப் போடப் பார்த்தாளாம். அதைச் சொல்லி அழுதாள்.

அன்றைக்கே அவர் போன் செய்தார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

"நல்லா தூங்கினேன்மா! கார்பெண்டரை வரச் சொல்லியிருக்கேன். எல்லா ரூமுக்கும் புதுக் கதவு."

அப்போதுதான் என் பின்னால், டொக், டொக்.

அவர் மெதுவாகக் கேட்டார், "அது... உன் வீட்லயா கேக்குது?"

பயம் இல்லை அந்தக் குரலில். நிம்மதி.

"யாரு அங்கிள் அது?"

அவர் சொல்லத் தொடங்கினார். ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் ஒரு வெற்று சிமெண்ட் அறை. குரலை அதற்குள் ஒலிக்கவிட்டு, எதிரொலியை மைக்கில் பிடித்துப் பாட்டில் சேர்ப்பார்கள்.

"பாஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கும் எனக்கும் சண்டை. நீங்களே வாசிச்சுக்கோங்கன்னு கோவிச்சுக்கிட்டு அதுக்குள்ள போய் உக்காந்துட்டான். ஒரு தடவை வாசிச்சுப் பதிவு முடியற வரைக்கும் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு வெளியில தாழ்ப்பாள் போட்டேன்."

"அப்புறம்?"

"பாட்டு ரொம்ப நல்லா வந்துடுச்சும்மா. அந்தச் சந்தோஷத்துல... மறந்துட்டேன். மறுநாள்லேர்ந்து ஸ்டூடியோ நாலு நாள் லீவு. காத்துகூடப் புகாத ரூம்மா அது."

"இது உங்களுது. திரும்பப் பாட்டுல வச்சு அனுப்பறேன்."

"வேணாம்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

போனை வைத்துவிட்டேன்.

அக்கா ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் என் அறைக் கதவைக் கழற்றி மாடிப்படியில் சாய்த்தாள். "தட்டறதுக்கு கதவே இல்லன்னா?" என்றாள்.

தட்டல் நின்றது. ஹாலில் அப்படியே சுருண்டு தூங்கிப்போனாள்.

நான் 'கழித்தவை'யைத் திறந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஒட்டினேன். முடித்து, சரிபார்க்காமல்கூட அனுப்பிவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். அவ்வளவு அசதி.

சாயங்கால வெயில் சுவரில் ஏறும்போது போன் மினுங்கியது. அவரிடமிருந்து மெசேஜ்.

"பதினாறுதான் இருக்கு. கடைசி ஒண்ணு எங்கம்மா?"

ஹெட்போனை மாட்டி ஃபைலைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாற்பத்தொன்று. வெறுமை.

ஹெட்போனைக் கழற்றினேன். அக்காவின் சீரான மூச்சு கேட்டது. பின்னால் திரும்பினேன். கதவில்லாத நிலை, அதன் வழியே ஹால், வெயில்.

அந்த வெற்றிடத்தில், கனமான மரத்தில் விழுவது போல.

டொக்.