கண்ணாடியைத் தட்டிய விரல்கள்

முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டதைத் தவிர, அந்த ஆள் தன் வாழ்க்கையில் உருப்படியாக வேறெதுவும் செய்ததில்லை. கிடங்கில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சார்.

நான் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்த காலையில் அவன்தான் என்னைச் சுற்றிக் காட்டினான். காகித உருளைகளும் அட்டைப் பெட்டிகளும் கூரை முட்ட அடுக்கிய பெரிய கிடங்கு அது. கடைக்கோடியில் ஒரு தனி அறை. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. வண்டிகளை அங்கேதான் சார்ஜ் போட நிறுத்துவார்கள்.

"செருகணும், பிடுங்கணும். அவ்வளவுதான் வேலை" என்றான். "உங்க ஆளுங்கதான் இதைப் பெரிய ராக்கெட் மாதிரி பேசுவாங்க."

உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தேன். அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் வரும் நாற்றம் அது. ஆனால் அப்போது அறையில் ஒரு வண்டிகூட இல்லை.

மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் நின்றிருந்தது.

"ரிப்பேரா சார்?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். பக்கத்துல என் ரூம். அந்தச் சத்தத்துல ஃபோன் பேச முடியல."

இந்த வண்டிகளின் பேட்டரி ஒரு இரும்பு பீரோ கனம் இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே ஆசிட் குமிழி விடும். அந்தக் குமிழியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது; அந்த முட்டை நாற்றம் வேறு. நேராகக் கூரைக்குப் போய்த் தங்கிவிடும். பிறகு ஒரு பொறி போதும். யார் யாருடைய மருமகன் என்றெல்லாம் அது விசாரிக்காது.

சொன்னேன். அவன் கைப்பேசியைப் பார்த்தபடியே கொட்டாவி விட்டான்.

அவன் போன பிறகுதான் சுவரைக் கவனித்தேன். தோள் உயரத்தில் ஈரமான கைத்தடங்கள். ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கைகள், ஒன்றையடுத்து ஒன்று, கதவிலிருந்து சுவரோரமாகவே போயின. மூலையில் அட்டைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தடங்கள் அங்கே முடிந்தன.

பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் குழாய்.

ஆசிட் கண்ணில் பட்டால் ஓடிப்போய்க் கழுவுவதற்காக வைத்த குழாய். அதை மறைத்துப் பெட்டி அடுக்க ஒரு மூளை வேண்டும். அந்த மூளை பக்கத்து அறையில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தது.

தேநீர் நேரத்தில் பேக்கிங்கில் வேலை செய்யும் அக்காவிடம் அந்தத் தடங்களைப் பற்றிக் கேட்டேன்.

"பாத்துட்டியா? தொடைச்சா மறுபடி வரும் தங்கச்சி. நாங்க தொடைக்கிறதை விட்டுட்டோம்."

"யாருது?"

அக்கா திரும்பி மாப்பிள்ளையின் அறையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்கு முன்னாடி பேட்டரி வேலை பாத்தவரு. அன்னிக்கும் ஃபேன் நிக்குது, தொறந்து வைக்க வேண்டிய பேட்டரி மூடி மூடியிருக்கு. சார்ஜரை அணைச்சிட்டுத்தான் பிடுங்கணும்னு அவரு சொல்றாரு. இவன் 'பிடுங்குய்யா, லாரி நிக்குது'ன்னு பின்னாடி நின்னு கத்தறான். பிடுங்கினாரு. பொறி பறந்துது. பேட்டரி மேல்பக்கம் வெடிச்சு ஆசிட் மொத்தமும் முகத்துல."

"குழாய்?"

"சுவரைத் தடவிக்கிட்டே அங்கதான் போனாரு. கண்ணு தெரியலன்னாலும் அவருக்கு இடம் தெரியும். கை போய் பெட்டியில இடிச்சுது. வழி தவறிட்டோம்னு நினைச்சுட்டாரு போல. திரும்பித் தடவிக்கிட்டே வெளிய வந்தாரு. லாரிக்குச் சரக்கு ஏத்துற மேடை விளிம்பு அவருக்குத் தெரியல. நாங்க ஓடுறதுக்குள்ள தலைகுப்புற விழுந்துட்டாரு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சிட்டு வந்து விழுந்தான்னு எழுதி முடிச்சுட்டான் படுபாவி. அவரு பச்சத் தண்ணியைத் தவிர எதையும் குடிச்சதில்ல. அன்னிக்கு அதுவும் கிடைக்கல."

அன்று மாலையே பெட்டிகளை வண்டியில் தூக்கி வெளியே வைத்தேன். மறுநாள் அவை பழைய இடத்துக்கே வந்திருந்தன. பேயின் வேலையோ என்று பயப்படக்கூட அவன் இடம் கொடுக்கவில்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன். இடத்தை வீணாக்க இது என்ன உங்க வீட்டு முற்றமா?"

"சார், சுவத்துல தடம் வருது. ஆளுங்க பயப்படறாங்க."

அவன் சிரித்தான். "பேயா? செத்தும் வேலைக்கு வர்றானா? உயிரோட இருந்தப்ப ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. பேய்க்கும் சேத்து சம்பளம் போடச் சொல்லு, மாமனார்கிட்ட கேக்கறேன்."

அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்ன செய்வான் என்று நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. நான் ரப்பர் கையுறையை மாட்டினேன், ஏப்ரனைக் கட்டினேன், கண்களை இறுக்கி மூடும் பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்தேன். அவன் அதைப் பார்த்தும் சிரித்தான். "எங்க முங்கப் போற, கடல்லயா?"

அது நடந்தது ஒரு நடுப்பகலில். வெளியே நல்ல வெயில். ஒரு லாரி சரக்குக்காகக் காத்து நின்றது. என் வண்டி காலையிலிருந்து சார்ஜில் இருந்தது. நான் அறைக்குள் போனபோது யாரோ பேட்டரி மூடியைச் சாத்தியிருந்தார்கள். கைவைத்துப் பார்த்தேன், சுட்டது. மெல்ல மூடியைத் திறந்தேன். உள்ளே உலை கொதிப்பதுபோல் குமிழிகள் கொப்பளித்தன.

மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றான். "இன்னும் என்ன கொஞ்சிக்கிட்டிருக்க? பிடுங்கிட்டு வண்டியை எடு."

"கேஸ் நிறைஞ்சிருக்கு சார். முதல்ல ஃபேனைப் போடுங்க. கொஞ்சம் ஆறட்டும்."

"தள்ளு. நானே பிடுங்கறேன்."

அவன் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அதே நொடியில் மின்சாரம் போனது.

நடுப்பகலில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றே தெரியவில்லை. சார்ஜரின் முனகல் நின்றுபோனது. குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் மெல்ல மெல்ல அடங்கியது.

அப்புறம் இன்னொரு சத்தம்.

சரக்... சரக்...

சுவரை யாரோ தடவுகிறார்கள்.

"நீயா அது?" மாப்பிள்ளையின் குரல் எனக்கு வலப்பக்கமிருந்து வந்தது. தடவும் சத்தம் இடப்பக்கம்.

"நான் அசையல சார்" என்று கிசுகிசுத்தேன்.

சத்தம் பெட்டிகள் வரை போனது. நின்றது. பிறகு திரும்பியது. இப்போது சுவரில் இல்லை. தரையில் ஈரக் கால்கள் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். என்னை நோக்கி.

முட்டை நாற்றம் முகத்தில் வந்து மோதியது.

குளிர்ந்த ஈர விரல்கள் என் நெற்றியைத் தொட்டன.

விரல்கள் மெல்ல இறங்கின. புருவத்தைத் தடவின. என் கண்களைத் தேடி வந்து, கண்ணாடியின் மேல் நின்றன.

டக். டக்.

நகத்தால் தட்டிப் பார்த்தன.

காதருகே ஒரு பெருமூச்சு. நிம்மதியாகப் பெருமூச்சு விடுவது மாதிரி இருந்தது. விரல்கள் விலகின. ஈரக் கால்கள் வலப்பக்கமாக நகர்ந்தன.

அப்போது மாப்பிள்ளை செய்ததைக் கேளுங்கள். கூரை முழுக்க வாயு நிறைந்த அறையில், வெளிச்சத்துக்காக, சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்தான். அதன் சக்கரம் உரசும் சத்தம் கேட்டது.

"பத்த வைக்காதீங்க! ரெண்டு பேரும் செத்துருவோம்!"

"வாயை மூடு!"

மறுபடி உரசினான். எரியவில்லை. மூன்றாம் முறை உரசியபோது தண்ணீரில் தீக்குச்சி விழுந்ததுபோல் 'சுர்' என்றது. லைட்டர் தரையில் விழுந்தது.

"யாருடா அது? கையை எடு. ஏய்... கையை எடு..."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு அவன் அலறினான்.

தடுக்கித் தடுக்கிக் கதவைத் தேடினேன். கைப்பிடியைத் திருப்பியதும் கதவு திறந்துகொண்டது. வெயில் உள்ளே பாய்ந்தது. அறையில் நாங்கள் இருவர்தான். மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவியபடி ஓடினான். தன் வாயால் அடுக்கச் சொன்ன பெட்டிகளில் போய் முட்டினான். அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "தண்ணி, தண்ணி" என்று அழுதான்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படி ஒரு எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பெட்டிகளை இழுத்துச் சரித்தேன், குழாயைத் திறந்தேன், பிடரியைப் பிடித்து அவன் தலையை அதன் கீழே அமுக்கினேன். ஆம்புலன்ஸ் வரும் வரை விடவில்லை. அக்கா வந்து அவன் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார். படுபாவி என்று சொன்ன அதே அக்கா.

மருத்துவமனையில் நினைவு தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அந்தப் பொம்பளைதான் ஆசிட்டை ஊத்தினா."

நல்லவேளை, டாக்டருக்குக் கண் இருந்தது. ஊற்றியிருந்தால் முகம், கழுத்து, சட்டையெல்லாம் வெந்திருக்கும். இவனுக்கு இரண்டு இமைகளின் மேல் மட்டும் இரண்டு வட்டங்கள். கட்டைவிரலை வைத்து அழுத்திய அளவு. பார்வை ஒரு கண்ணில் பாதி பிழைத்தது. முதலாளி அந்த அறையைப் பூட்டினார். நாலு பக்கமும் காற்று வரும் கொட்டகை ஒன்று போட்டு, சார்ஜர்களை அங்கே மாற்றினார். மருமகனை வீட்டோடு நிறுத்திவிட்டார். புதுக் கொட்டகையில் ஒரு தடமும் விழவில்லை. பூட்டிய அறைச் சுவரும் காய்ந்து வெளுத்துவிட்டது. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நிம்மதியானோம்.

பல வாரங்கள் கழித்து மாப்பிள்ளையின் மனைவி எனக்கு ஃபோன் செய்தார்.

"உங்களுக்கு பேட்டரி வேலை தெரியும்ல? ஒரு தடவை வீட்டுக்கு வந்து ஒண்ணைப் பாத்துச் சொல்லுங்க அக்கா."

போனேன். படுக்கையறையில், இரட்டைக் கட்டிலின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி அவன் ஒடுங்கிப் படுத்திருந்தான். அவன் மனைவி அலமாரியைத் திறந்து துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். எல்லாமே பருத்தி. ஒரு பாதி முழுதாக இருந்தது. மறுபாதியில் மிளகளவுக்குப் பொடிப் பொடித் துளைகள், அவற்றின் விளிம்பு மஞ்சளாக இற்றுப்போயிருந்தது. தலை, தோள், கால் என்று ஓர் ஆள் படுத்த அளவுக்கு.

"பூச்சியா அக்கா இது? நான் பக்கத்து ரூம்லதான் படுக்கறேன். அந்தப் பக்கம் யாருமே படுக்கறதில்ல."

பேட்டரி வேலை செய்பவர்களின் பருத்திச் சட்டை ஆசிட் பட்டு இப்படித்தான் ஆகும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"காலையிலதான் புதுசு விரிச்சேன்" என்று கட்டிலைக் காட்டினார். "இதுல இன்னும் ஒண்ணும் வரல."

பார்த்தேன். வெள்ளை விரிப்பு. அவன் முதுகுக்குப் பின்னால் காலியான பாதி, கசங்காமல் இருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையணையை ஒட்டி ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. மெல்ல விரிந்தது. நடுவில் நூல் இற்று, ஒரு சின்னத் துளை திறந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.